கோமதிக்குச் சொன்ன முடிவு

ஆடித் தபசு அன்று இரவு, 1981.

உலகில் ஒருவரும் நம்பாத கதையை எழுதப் போகிறேன். இந்த நோட்டே நம்பாது.

கோயிலில் தபசுத் திருவிழா பார்க்க மாமியாரோடு வந்திருந்தாள் அக்கா மகள் கோமதி. கல்யாணத்துக்கு முன்னால், வாரப் பத்திரிகை வந்ததும் தொடர்கதையைப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருகிறவள். குருவிகுளத்தில் புகுந்த வீட்டிலோ, காதல் கதை படித்தால் பெண் கெட்டுப்போவாளாம்.

பஸ் ஸ்டாண்டில் மாமியார் பூ வாங்கப் போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, அந்தத் தொடர்கதை முடிஞ்சிட்டாமே. ரெண்டு பேரும் சேந்தாங்களா?"

"சேராமலா? குற்றாலத்து அருவியைச் சுருட்டி யானை மேல ஏத்திட்டு வந்துல்லா பொண்ணு கேட்டான். அவ அப்பன் அதுல நனைஞ்சு நடுங்கி, சரின்னுட்டான்."

சிரித்தாள். எத்தனை மாதமாயிற்றோ அவள் அப்படிச் சிரித்து.

"புளுகாதீங்க மாமா. அவ அழுதாளா?"

"ஒரு சொட்டு அழலை."

பஸ் நகரும்போது ஜன்னல் வழியே மறுபடி கேட்டாள். "நெசமா சேந்துட்டாங்கள்லா?"

"சேந்துட்டாங்க மக்கா."

சேராத காதலுக்குத்தான் இப்போது பத்திரிகையில் மவுசு. எழுதியவர் கதாநாயகியை வேறொருவனுக்குக் கட்டிவைத்துக் கதையை முடித்துவிட்டார்.

நான் சொன்னதில் ஒன்று மட்டும் நிஜம். கதையில் அவள் அழவில்லை. கோமதியும் அழாமல்தான் போனாள்.