கரோல் அறைக் கதவு

பியாட்ரிஸ்,

அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. இன்று சாம்பல் புதன், ஒருசந்தி நோன்பு என்றாலும் மத்தியானம் ஒரு வேளை சாப்பிடு. ரசம் அடுப்பின்மேல் இருக்கிறது.

பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த ஜன்னல்களும் தகரமும் மொட்டைமாடியில் தோட்டக் கொட்டகையாகிவிட்டன. நம் கரோல் அறைக் கதவை மாட்டுவதுதான் பாக்கி. கீல் வாங்கச் சைதாப்பேட்டை போகிறேன்.

அந்தக் கதவைத் தேய்க்க எடுத்தபோது தாழ்ப்பாளில் காய்ந்த குருத்தோலைச் சிலுவை ஒன்று செருகியிருந்தது. வருஷா வருஷம் செய்வதுபோல, வீட்டிலிருந்த மற்ற ஓலைகளோடு சேர்த்து, சாம்பல் புதனுக்கு எரிக்கக் கோயிலில் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கரோல் கடைசியாக மடித்தது அது என்று எனக்குத் தெரியாது. "எம் பொண்ணு கையால செஞ்சதுன்னு அது ஒண்ணுதானே இருந்துச்சு" என்று நீ கேட்டதும் திரும்ப வாங்க ஓடினேன், அதற்குள் எரித்துவிட்டார்கள்.

உனக்கு மனசில்லை என்றால் அந்தக் கதவை மாட்டவில்லை.

விக்டர்

சாவியைக் கீழ்வீட்டு சூடாமணியிடம் கொடுத்துவிட்டு, ஆறு மணிப் பூசைக்கு வா. என் பக்கத்தில் உட்கார வேண்டாம். நெற்றியில் சாம்பலை மட்டும் வாங்கிக்கொள். அவள் மடித்த ஓலை அதில்தான் இருக்கிறது.