மண் ஆகாத வீடு

11 பிப்ரவரி 2024, ஞாயிறு
மேகலையின் மான்ஸ்டெரா கொடி, முதிர்ந்தால்தான் வரும் கிழிசல் இலையை இன்று முதன்முதலாக விரித்தது. தென்னைநார் சுற்றிய கம்பைப் பிடித்து என் தோள் உயரம் ஏறிவிட்டது. "என்னங்க, ஓடி வாங்களேன்!" என்று கூப்பிட்டாள். இந்தத் தில்லை நகர் பிளாட்டுக்குள் பதினோரு தொட்டிகள், எல்லாமே ஏறுகொடிகள். மூன்று வருடமாக அவளுக்கு டயாலிசிஸ். வெளியூர் போக முடியாது. "அதான் காட்டை உள்ளே கொண்டாந்துட்டேன்" என்பாள்.

19 மார்ச்
மணப்பாறையில் இருக்கும் அவள் அக்கா வள்ளிக்கண்ணுவின் சிறுநீரகம் பொருந்திவிட்டது. அடுத்த மாதம் ஆபரேஷன். டாக்டர் கேட்டார்: "வீட்ல மண் தொட்டி இருக்கா? எடுத்துடுங்க. மண்ணுல பூஞ்சை இருக்கும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிடப் போறாங்க."
ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மேகலை சொன்னாள், "யாராவது நல்லவங்ககிட்ட குடுங்க. வெயில் ஆகாதுன்னு சொல்லிக் குடுங்க."

7 ஏப்ரல்
எல்லாவற்றையும் மொட்டை மாடியில் வைத்தேன். யாரிடமும் கேட்க நேரமில்லை. ஆபரேஷன் முடியட்டும்.

18 ஏப்ரல்
நல்லபடியாக முடிந்தது. அக்கா கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "அவளுக்கு ஒண்ணுக்கு வந்துச்சா?" வந்தது, அக்கா. பை நிறைய வந்தது. வராந்தாவில் நின்று அழுதேன்.

9 மே
மூன்று வாரம் ஆஸ்பத்திரியே கதி. இன்றுதான் மேகலையை வீட்டுக்குக் கூட்டிவந்தேன், மாடிக்கும் போனேன். பதினொன்றும் கருகிவிட்டன. மான்ஸ்டெரா இலை அப்பளம் மாதிரி நொறுங்கியது. எப்படி மறந்தேன்? அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதானே!
குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தால், "செடி யார்கிட்டங்க இருக்கு?" என்கிறாள்.
"ஸ்ரீரங்கத்துல. எங்க ஆபீஸ் வேதவதி மேடம் வீட்ல." வாய் தானாகச் சொன்னது.

2 செப்டம்பர்
"மான்ஸ்டெரா இப்ப எவ்வளவு ஏறியிருக்கு?" என்றாள். "ஜன்னல் உச்சி வரைக்கும்." பொய்யும் வளர்கிறது.

14 ஜூன் 2025
கிரியாட்டினின் 4.1. போன மாதம் 3.2. அக்கா கொடுத்த சிறுநீரகம் தளர்கிறது. மேகலை அக்காவிடம் போனில், "நல்லாயிருக்கேன்க்கா, ரெண்டு கிலோ ஏறிட்டேன்" என்கிறாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

3 ஆகஸ்ட்
ஆடிப்பெருக்கு. "வேதவதி மேடம் வீட்டு வாசல்ல நின்னாவது செடியப் பாத்துட்டு வரலாம்" என்று கிளம்பிவிட்டாள். எத்தனை சாக்குச் சொல்வது? காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
"எல்லாம் செத்துப் போச்சு, மேகலை. போன வருஷமே. மாடி வெயில்ல... நான்தான்."
மாஸ்க்குக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. தண்ணீரையே பார்த்தாள். பிறகு, "வண்டியத் திருப்புங்க."
சாயங்காலம் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் அக்காகிட்ட தினமும் சொல்றதும் இந்தப் பொய்தானே."

20 நவம்பர்
அக்கா கொடுத்த சிறுநீரகம் நின்றுவிட்டது. மறுபடியும் டயாலிசிஸ்.
அக்காவிடம் நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அவளே போன் செய்தாள். அக்கா சொன்னார், "ஒண்ணரை வருஷம் நல்லாத்தானே இருந்த? எனக்கு அது போதும்டி." போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. அவர் அழுவதை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

8 பிப்ரவரி 2026, ஞாயிறு
எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகளை நிறுத்திவிட்டார்கள். "இனிமே செடி வெச்சுக்கலாம்" என்றார் டாக்டர். நல்ல செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார். மேகலையும் சிரித்துத் தலையாட்டினாள்.
வழியில் ஒரு சின்ன மணி பிளான்ட் வாங்கினோம். டயாலிசிஸ் ஊசி குத்தும் இடது கையால் அவள் பாரம் தூக்கக் கூடாது. தொட்டியை நான்தான் வைத்தேன். கொடியைக் கம்போடு சேர்த்துக் கட்டினேன்.
"இறுக்காதீங்க. தண்டு நசுங்குது பாருங்க."
அவிழ்த்து, தளர்த்திக் கட்டினேன். நாளை காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ். ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது.