விளம்பரம் இருந்த கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

'அக்குளில் அரை விரல் தளர்வு விடவும்.' இது என் தையல் இணையதளத்தில் நான் எழுதிய வரி. தையல் அளவை விரலில் சொல்வது அம்மாவின் பழக்கம், அப்படியே எழுதியிருந்தேன். இன்று 'புதுநன்மை கவுன் வெட்டுவது எப்படி' என்று தேடிப் பார்த்தேன், பிள்ளைகள் முதல் நற்கருணைக்குப் போடும் வெள்ளை கவுன். தேடுபொறி தானே பதிலை மேலே போட்டிருந்தது. அதில் என் அரை விரல் இருந்தது. என் தளம் எங்கேயோ கீழே கிடந்தது.

பதில் அங்கேயே கிடைத்தால் என்னிடம் யார் வருவார்கள்? யாரும் வராவிட்டால் விளம்பரத்துக்கு யார் காசு தருவார்கள்?

மார்ச் 5

சாப்பிடும்போது அப்பா ஆரம்பித்தார். "பத்தாவதோட நின்ன. கம்ப்யூட்டர்ல சம்பாதிக்கிறேன்ன. இன்னா வந்துச்சு? ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அப்புறம் தி.நகர் துணிக்கடை. பேசி வச்சிட்டேன்."

நாள் முழுக்க வாசலில் நின்று "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்று கூப்பிட வேண்டும். வகுப்பில் 'உள்ளேன்' சொல்வதற்குப் பதில் கையைத்தான் தூக்குவேன். பள்ளியை விட்டதே அதனால்தானே.

மார்ச் 8, ஞாயிறு

எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. ஜெபம் முடிந்து டீ கொடுக்கும்போது அம்மா சொல்லிவிட்டாள்: "ஜொவி தளத்துல விளம்பரம் வருது. அதை அமுக்கினா புள்ளைக்குக் காசு வருமாம்."

எல்லாரும் போனை எடுத்தார்கள். எங்கள் வீட்டு வைஃபைதான் எல்லாருக்கும்.

எதிர்வீட்டு ஆனி ஆன்ட்டி அம்மாவிடம், "சான்ட்ரா, எனக்கு ரம்மி விளம்பரம் வந்துகீது. தவக்காலத்துல அமுக்கலாமா?" என்றார்.

"அமுக்குக்கா, ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கலாம்."

சிரிப்பு. தெரிந்தவர்களை அமுக்கச் சொல்லக் கூடாது என்பது விளம்பர நிறுவனத்தின் விதி, எனக்குத் தெரியும். அடுக்களை வாசலில் தட்டோடு நின்றேன்.

மார்ச் 10

விளம்பரக் கணக்கை மூடிவிட்டார்கள். முறையற்ற கிளிக்குகளாம். அன்பியம், ஐயா, மோசடி இல்லை — இதை எப்படி எழுதுவது? எழுதி அனுப்பினேன்.

மார்ச் 11

மறுத்துவிட்டார்கள். படித்தது ஆளா மெஷினா, அதுகூடத் தெரியவில்லை.

மார்ச் 12

அம்மாவிடம் சொன்னேன். "நல்லதுன்னுதானேடி நெனச்சேன்" என்றாள். இரண்டு பேரும் அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 17

ஆனி ஆன்ட்டி வந்தார். "டெய்லி அமுக்கினு இருந்தேன். இப்ப விளம்பரத்தையே காணோமே?" காரணத்தைச் சொல்ல மனம் வரவில்லை.

அவரே தொடர்ந்தார். "அமுக்க வந்து முழுசா படிச்சிட்டேன்டி. பேத்திக்கு நானே வெட்டலாம்னு துணியும் எடுத்துட்டேன். கை வளைவு மட்டும் மண்டையில ஏறல."

துணியைத் தரையில் விரித்தோம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். குறுக்கே குறுக்கே கேட்டார், சொன்னேன். கடைசியில் சாக்கட்டியை வாங்கி அவரே சரியாகக் கோடு போட்டார்.

"நீ எழுதினதவிட சொன்னாதான்டி புரியுது. பேசறியே இன்னிக்கு!"

என் தளத்தைப் படித்த ஒருவரை முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

மார்ச் 18

விளம்பரம் இருந்த இடம் வெறும் வெள்ளைக் கட்டமாக இருந்தது. அதில் எழுதினேன்: 'வெட்டும்போது சந்தேகமா? வீடியோ காலில் துணியைக் காட்டுங்கள், சொல்லித் தருகிறேன். கட்டணம் உண்டு.' கீழே என் எண். அழித்தேன். திரும்பப் போட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

தெரியாத எண். எனக்குப் பதில் பேச, வழக்கம்போல அம்மா போனுக்குக் கையை நீட்டினாள்.

கொடுக்கவில்லை. எடுத்து, "சொல்லுங்கக்கா" என்றேன்.