பதினேழு நிறுத்தங்கள்

ஜூன் 3

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

ஆமாம், நானேதான். எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முதியோர் வகுப்பு டீச்சர் பக்கத்தில் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகிறது. ஆனாலும் வாயெல்லாம் பல். எங்கள் மருந்துக் கிடங்கின் சர்வர் விண்டோஸிலேயே இருப்பதா, லினக்ஸுக்கு மாறுவதா என்று சொல்லப்போகிறவன் நீ என்று மேனேஜர் சொன்னார். அந்த சர்வர் அறையில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை மறந்துவிடாதே.

அப்பா


ஜூன் 9

அப்பாவுக்கு,

போனில் சொல்லியிருக்கலாம். எழுத அவ்வளவு ஆசை என்றால் உருப்படியாக எழுதுங்கள். பன்னிரண்டு கிளைகளின் சரக்கு விவரத்தை அள்ளிச் சேர்க்கும் அந்த சர்வர் எப்போதெல்லாம் நின்று மறுபடி தொடங்குகிறதோ, அதை நேரத்தோடு ஒரு மாதம் குறித்து நகல் அனுப்புங்கள். அதை வைத்துத்தான் முடிவு.

மகன்


ஜூலை 12

அன்பு மகனுக்கு,

நகல் இதோ. பதினேழு நிறுத்தங்கள், ஒன்பது பக்கம். ஒவ்வொரு முறையும் சேகரிப்பை நான் மறுபடி ஓடவிட்டேன். கையெழுத்து எப்படி என்று சொல்லவும்.

அப்பா


ஜூலை 30

அப்பாவுக்கு,

அறிக்கை கொடுத்தாயிற்று. லினக்ஸ்தான். மாதம் பதினேழு முறை நின்றால் வேலைக்கு ஆகாது. இனி சேகரிப்பு தானாகவே ஓடும், பக்கத்தில் ஆள் வேண்டாம். உங்கள் வேலை அடுத்த மாதத்தோடு சரி. என் வீட்டில் இடமில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

மகன்


ஆகஸ்ட் 4

மகனுக்கு,

ஒரு தப்பு நடந்துவிட்டது. ‘மறுதொடக்கம்: இப்போதா, பிறகா?’ என்று திரையில் தமிழில் வரும். பிறகு என்று தள்ளிவிட்டால் ஞாயிறு வரை தொல்லையில்லை. நான் ஆசையாக வாசித்து, ‘இப்போது’ என்று அழுத்தினேன். நோட்டில் எழுத ஏதாவது வேண்டுமே. பதினேழில் பதினான்கு என் கைவேலை. மேனேஜரிடம் நீயே சொல்லிவிடு, என் வேலை தப்பும்.

அப்பா


ஆகஸ்ட் 9

அப்பாவுக்கு,

சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவைப் பார்க்காமல் ஒரு கிழவரின் நோட்டை நம்பினேன் என்று ஊரே சிரிக்கும். என் பிழைப்பு போகும். நோட்டைக் கொளுத்துங்கள். வாயைத் திறக்காதீர்கள். நீங்கள் எழுதவே கற்றிருக்க வேண்டாம்.

மகன்


ஆகஸ்ட் 20

அன்பு மகனுக்கு,

திங்களன்று கூட்டத்தில் நோட்டை நீட்டினேன். மேனேஜர், “நீங்களே படிங்க, பெரியவரே” என்றார். எட்டுப் பேர் முன்னால் நின்று, எந்தப் பதினான்கு என்னுடையவை என்று சொல்லிச் சொல்லிப் படித்தேன். “இது உங்க பையனுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்று உன் கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். ‘கொளுத்துங்கள்’ என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது. அந்தச் சொல்லை இன்னும் வகுப்பில் நடத்தவில்லை. அதனால் இன்னொரு தரம் சத்தமாகப் படித்தேன்.

லினக்ஸா விண்டோஸா என்று வேறொருவர் வந்து பார்ப்பாராம். அதுவரை என் நாற்காலி என்னுடையது.

இனி உன் சேவை தேவையில்லை என்று உனக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்றார்கள். நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று நாள் ஆயிற்று. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. இதோடு வைத்திருக்கிறேன். மேனேஜரின் கையெழுத்து மட்டும்தான் கோணல்.

அப்பா