முன் சக்கரத்தில் யாரோ கை வைக்கிறார்கள்

3 செப்டம்பர் 2024, செவ்வாய்

நேற்று இரண்டாம் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது பைக்கில் மறுபடியும் அந்த மஞ்சள் விளக்கு. ஏபிஎஸ், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற சமாச்சாரம். வண்டி நாலு அடி உருண்டதும் அணைய வேண்டியது. எளாவூர் தாண்டியும் முறைத்துக்கொண்டே வந்தது. இன்று காலையில் தெருவில் ஓட்டிப் பார்த்தேன். உடனே அணைந்துவிட்டது.

7 செப்டம்பர், சனி

இந்த வாரத்தில் மூன்று நாள். மூன்று நாளும் கம்பெனியிலிருந்து திரும்பும்போது மட்டும். ஆரம்பாக்கத்திலிருந்து போகும்போது ஒரு தடவைகூட இல்லை. அப்படியென்றால் எட்டு மணி நேரம் ஷெட்டில் நிற்கும்போது வண்டிக்கு ஏதோ நடக்கிறது.

8 செப்டம்பர், ஞாயிறு

சபையில் ஆராதனை முடிந்ததும் பைபாஸ் மெக்கானிக் ஆதிநாராயணனிடம் போனேன். நாலு சுற்று ஓட்டினார். விளக்கு நல்ல பிள்ளையாக அணைந்தது. ஒயரை ஆட்டினார், இணைப்பைக் கழற்றி மாட்டினார், ஒன்றுமில்லை என்றார். ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல் விடுகிற கதைதான்.

14 செப்டம்பர்

முதல் ஷிப்ட் வாரம். ஆறு நாளில் ஒரு நாளும் எரியவில்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை.

18 செப்டம்பர், புதன்

இரண்டாம் ஷிப்ட். திங்கள் எரிந்தது. நேற்றும் எரிந்தது.

இரண்டாம் ஷிப்டில் என் வண்டிக்குப் பக்கத்தில் யார் நிறுத்துகிறார்கள்? ரகு. பழைய இரும்பு லாரிகள் மதியத்துக்கு மேல்தான் வரும் என்பதால் அவனுக்கு எப்போதும் இரண்டாம் ஷிப்ட்தான். ஐடிஐயில் என்னோடு ஒன்றாகப் படித்தவன். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். ஆனால் இந்த வருஷம் பர்மனென்ட் இடம் ஒன்றே ஒன்று. பட்டியலில் இரண்டு பேர், அவனும் நானும். நான் விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டு மூன்று மாதம் படுத்தால்?

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் இனிமேல் ஷெட்டில் வண்டியை எடுக்கும் முன் குனிந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒயர் அறுந்திருக்கிறதா, யாராவது எதையாவது தளர்த்தியிருக்கிறார்களா என்று.

20 செப்டம்பர்

குனிந்து பார்த்தேன். ஒயர் சரியாகத்தான் இருக்கிறது. கறுப்புத் தூள்தான். பழைய இரும்பு உருக்கும் எங்கள் யார்டில் அது எல்லோர் வண்டியிலும் உண்டு. ரகு பார்த்துவிட்டு, இன்னாடா காசு வுழுந்துட்ச்சா என்று கேட்டான். ஏன் கேட்டான்?

25 செப்டம்பர்

துவைக்கப் போட்டிருந்த என் மனைவி பிரின்சியின் கைக்குட்டை முழுக்கக் கறுப்பு. கேட்டதற்கு, சட்டிக் கரி என்றாள். கேஸ் அடுப்பில் ஏது சட்டிக் கரி?

சரி, விடு. எல்லாவற்றையும் துருவினால் பைத்தியம் பிடிக்கும்.

4 அக்டோபர், வெள்ளி

நேற்று விழுந்தேன். எளாவூரில் எருமை குறுக்கே வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்று தெரியும், தெரிந்தும் கை அமுக்கிவிட்டது. முன் சக்கரம் அப்படியே வழுக்கியது. பின்னால் வந்த லாரி எப்படி நின்றதென்று கர்த்தருக்குத்தான் தெரியும். முழங்கை தோல் போனதோடு சரி.

பிரின்சி காயத்தைத் துடைத்துக்கொண்டே அழுதாள். அழுகைக்கு நடுவே, இதோட போச்சே, இதோட போச்சே என்று யாருக்கோ நன்றி சொல்வதுபோல் சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

6 அக்டோபர், ஞாயிறு

ஆதிநாராயணன் முன் சக்கரத்தையே கழற்றிவிட்டார். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று எண்ணிச் சொல்ல அங்கே விரல் நுனி அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. அதன் பக்கத்து இரும்புத் தகட்டை எனக்குக் காட்டினார். கறுப்புத் தூள், நாணயம் வைத்து வரைந்ததுபோல் ஒரு வட்டம்.

“தூள் சும்மா வட்டமா நிக்காது நைனா. இங்க காந்தம் இருந்திருக்குது. காந்தம் தூள இஸ்துக்கினா சென்சாருக்கு எண்ணிக்க தப்பிப் போவும். யாரோ வச்சு எடுக்குறாங்க.”

நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான். சந்தோஷப்பட்டேனா? ஆமாம், பட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் ரகு எங்கள் யார்டில் மின்காந்தக் கிரேன் ஓட்டுகிறவன்.

8 அக்டோபர், செவ்வாய்

ஷிப்ட் இன்சார்ஜ் மணவாளன் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் ரகுவை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டுக் கேட்டார். விசாரணை முடியும்வரை கிரேனிலிருந்து எடுத்து முதல் ஷிப்டுக்கு, கம்பி ஏற்றும் இடத்துக்குப் போட்டார். பர்மனென்ட் பட்டியலிலிருந்து பெயரும் அடிபட்டது. பாக்கி என் பெயர் மட்டும்.

ரகு கத்தவில்லை. அருகில் வந்து ஒன்றுதான் சொன்னான்.

“என் காந்தம் சுவிச்ச அணைச்சா உட்ரும்டா ஸ்டீபன். நீ ஒருத்தன புட்ச்சா உடமாட்டே.”

நடிக்கிறான். நடிக்கிறான் என்றுதான் நினைக்கிறேன்.

16 அக்டோபர்

மழை. வாரம் முழுக்க ரயிலில்தான்.

29 அக்டோபர், செவ்வாய் காலை

நேற்று வண்டியில் போனேன். ரகு இப்போது இரண்டாம் ஷிப்டில் இல்லவே இல்லை. திரும்பும்போது விளக்கு எரிந்தது.

உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரகு இல்லை, விளக்கு எரிந்தது.

வழியில் நிறுத்திப் பார்க்கப் பயம். வீட்டுக்கு வந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் பிரின்சி சக்கரத்தருகே கைக்குட்டையோடு நின்றாள். சேறு, தொடச்சேன் என்றாள். மழை நின்று பத்து நாள் ஆகிறது. ஏது சேறு?

அதே நாள், பிற்பகல்

வேலைக்குப் போகவில்லை.

குளிக்கப் போவதாகச் சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிரின்சி வந்தாள், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். முன் சக்கரத்தருகே உட்கார்ந்து இடுப்பிலிருந்து எதையோ எடுத்து உள்ளே வைத்தாள். என் பொண்டாட்டியா? இன்னா பாவம் பண்ணேன் இவளுக்கு?

வெளியே ஓடினேன். கையை விட்டுத் துழாவினேன். சென்சாருக்குப் பக்கத்தில் அந்த இரும்புத் தகட்டில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து எடுத்தேன்.

மாதா. ஒரு ரூபாய் அளவில் நீல அங்கி போட்ட மாதா படம். பின்னால் காந்தம்.

அவள் பள்ளிப்பட்டில் பிறந்தவள், அவள் வீட்டார் மாதா கோயில்காரர்கள். எங்கள் சபையில் சுரூபம், சிலையோ படமோ, கூடாது. கல்யாணமான மறுநாளே, இந்த வீட்டில் சுரூபம் ஏதும் இருக்கக் கூடாது என்று சொன்னவன் நான். அவள் கொண்டுவந்திருந்த மாதாவைத் துணியில் சுற்றி அம்மா வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

“ரெண்டாம் ஷிப்டுன்னா ரோடு பூரா லாரிங்க. எனுக்குத் தூக்கமே வராது. டாங்கியில வச்சா நீங்க பாத்துருவீங்க. மத்த எடத்துல ஒட்டல. அங்கதான் ஒட்டுச்சு. நீங்க வந்ததும் எடுத்துத் தொடச்சு வச்சுக்குவேன், மூஞ்சியெல்லாம் இரும்புத் தூளா இருக்கும்.”

யார்டில் அது இழுத்துச் சேர்க்கிற தூளால்தான் திரும்பும்போது விளக்கு எரிகிறது, அதனால்தான் விழுந்தேன் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவே நேரமாயிற்று. புரிந்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“நாந்தான் உங்கள தள்ளி உட்டனா?”

தள்ளிவிட்டது யார்? ஒளித்து வைத்தவளா, ஒளிக்க வைத்தவனா?

30 அக்டோபர், புதன்

மணவாளன் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மாதாவைப் பற்றியும் சொன்னேன், மறைக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு, எனக்கு மானம் போயிற்று. ரகுவின் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்த்த பிறகே அங்கிருந்து நகர்ந்தேன்.

ரகு கம்பிக் கட்டுகளுக்கு நடுவே நின்றிருந்தான். தப்பு என்னுடையது என்றேன். முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு:

“தங்கச்சிய திட்னியா?”

இல்லை என்றேன்.

“அது போதும்.”

கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். என்னை அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

3 நவம்பர், ஞாயிறு

மாதாவைப் பீரோ கதவில் நானே ஒட்டினேன். பிரின்சி நாஷ்டாவுக்கு ஒரு தோசை கூடுதலாக வைத்தாள். பாஸ்டர் வந்து பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வரட்டும்.

9 நவம்பர்

பர்மனென்ட் ரகுவுக்கு. பொறாமை இல்லை என்று எழுதினால் பொய்.

13 நவம்பர், புதன்

இரண்டாம் ஷிப்ட். ரகு கிரேனுக்குத் திரும்பிவிட்டான். வண்டியை ஷெட்டின் மறுகோடியில் நிறுத்துகிறான், என்னோடு பேசுவதில்லை. நேற்று நான் அங்கே போய் அவன் வண்டிக்குப் பக்கத்திலேயே என் வண்டியை நிறுத்தினேன். ஷிப்ட் முடிந்து வந்தபோது இரண்டும் கைப்பிடி உரச அப்படியே நின்றன. அவன் சற்றுத் தள்ளி நின்று என்னைப் பார்த்தான்.

நான் குனிந்து பார்க்கவில்லை. சாவியைப் போட்டேன், நாலு அடி உருண்டேன். விளக்கு அணைந்தது.