எழுபத்தாறு சென்டிமீட்டர்

6 அக்டோபர் 1939, வெள்ளி. பாகூர்

ஜும்ஆ தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பும்போது தண்டோரா. ஐரோப்பாவில் சண்டை வந்துவிட்டதால், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் நவம்பர் பதினைந்துக்குள் பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் கச்சேரியில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தாளை வாங்கி வந்து பார்த்தேன். செய்த ஊர், மாதிரி, நெம்பர், தோட்டா அளவு, குழல் எத்தனை சென்டிமீட்டர். ஒன்று தப்பினாலும் துப்பாக்கி சர்க்காருக்கு.

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: அத்தாவின் துப்பாக்கி. அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

அத்தா மவுத்தாகிப் பதினெட்டு வருடம். ஜவுளிக்கடையை நான் இரண்டு முறை இடித்துக் கட்டியாகிவிட்டது. அவர் கை பட்டது என்று சொல்ல இந்தத் துப்பாக்கிதான் மிச்சம். கன்னம் வைக்கிற இடத்தில் கட்டை தேய்ந்து வழவழவென்று ஒரு பள்ளம் இருக்கிறது. அவர் போன மறுமாதம் அதற்குக் கீழே ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் அவர் பெயரை, ‘காஜா மொய்தீன், பாகூர்’ என்று வெட்டி அடித்தேன். சுடாத நாளிலும் அந்தப் பள்ளத்தில் கன்னத்தை வைத்துப் பார்ப்பது உண்டு. என் பெண்சாதி ரோஷன் பீவி பார்த்திருக்கிறாள். பார்க்காத மாதிரி போய்விடுவாள், நல்ல மனுஷி.

சுடுகிற நாளிலும் ஒன்றும் விழுவதில்லை என்பது வேறு கதை. நிஜாமுதீன் ஏரிக்கரைக்கு வந்தால் சிறவி வாத்துகளுக்கு ஆயுசு கெட்டி என்று கடைத்தெருவில் என்னைப் பற்றிப் பேச்சு. துப்பாக்கியில் ஏதோ கோளாறு என்று வீட்டில் சொன்னால், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்பாள். இருபது வருடமாக அதே கூடம், அதே கோணல்.

7 அக்டோபர்

இரண்டு குழலுக்கும் நடுவே செய்தவர் பெயர் வெட்டியிருக்கும் என்றார்கள். இருந்தது. செங்கல் பொடி போட்டு வாராவாரம் தேய்த்தே அழித்தவன் நான். ‘எத்தியேன்’ என்பதில் பாதி தெரிகிறது. பிரான்சில் சேந்த் எத்தியேன் ஊரில் செய்தது, அதுவரைக்கும் சரி. அந்த ஊரில் நூறு மாதிரி செய்வார்களே.

10 அக்டோபர்

குழலுக்கு அடியில் இருக்கும் மரத்தைக் கழற்றினேன். இத்தனை வருடத்தில் கழற்றியதே இல்லை. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறியும் அசையவில்லை. ரோஷன் தோசைக் கரண்டியைக் கொடுத்து நெம்பச் சொன்னாள். வந்துவிட்டது. கரண்டி வளைந்துவிட்டது. அதைப்பற்றி இன்னும் பேசுகிறாள்.

உள்ளே இரும்பில் ஒரு கிரீடம், குறுக்காக இரண்டு ஓலை, 16 என்ற தோட்டா அளவு. பிறகு நெம்பர்: 3862.

புதுச்சேரியில் துப்பாக்கி பழுது பார்க்கும் உலகநாதனிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்றால், இரண்டு ஊரும் பிரெஞ்சுக்காரனுடையது, நடுவில் வழியெல்லாம் துண்டு துண்டாக இங்கிலீஷ்காரன் நிலம். வழிச்சீட்டு இல்லாமல் துப்பாக்கியோடு அதில் கால் வைத்தால் அந்தப் பக்கத்துப் போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து, முத்திரையையும் நெம்பரையும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

“துப்பாக்கிக்குக் கைநாட்டு வாங்கறீங்களா” என்றாள் ரோஷன்.

11 அக்டோபர்

ரோஷன் பெட்டியைக் குடைந்து அத்தாவின் பழைய சீட்டைக் கண்டுபிடித்தாள். 1911இல் துப்பாக்கி வாங்கியபோது கொடுத்தது. என்ன சந்தோஷமாகக் கொண்டுவந்து நீட்டினாள்.

நெம்பர் 2417. குழல் 76 சென்டிமீட்டர்.

கடையிலிருந்து துணி அளக்கிற மீட்டர் கோலை எடுத்து வந்தேன். எழுபது. திரும்பவும் அளந்தேன். எழுபது. ரோஷன் அளந்தாள். எழுபது.

இது அத்தாவின் துப்பாக்கி இல்லை.

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாததை இங்காவது எழுத வேண்டும். போன சண்டையின்போது இதே மாதிரி துப்பாக்கிகளை எல்லாம் வாங்கிப் புதுச்சேரியில் ஒரு கிடங்கில் வைத்தார்கள். 1919இல் திருப்பிக் கொடுத்தார்கள். அத்தாவுக்குக் காய்ச்சல், என்னை அனுப்பினார். எனக்கு இருபத்து மூன்று வயது, தலைக்கனம் வேறு. துப்பாக்கிகளில் கட்டியிருந்த சீட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. “உன்னுது எதுன்னு பாத்து எடுத்துக்கோ” என்றார் அங்கிருந்தவர். அத்தா நெம்பரை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் துண்டுத்தாள் என் சட்டைப் பையில் இருந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை. எங்கள் துப்பாக்கி எனக்குத் தெரியாதா? பளபளப்பாக இருந்ததை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அத்தா கையில் வாங்கினார். ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். “இது நம்மளுது இல்லடா. குட்டையா இருக்கு.”

கடை நிறைய ஆள். நான் என்ன சொன்னேன்? “துப்பாக்கி சுருங்குமாத்தா? உங்களுக்குத்தான் வயசாயிடுச்சு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டார். துப்பாக்கியை மூலையில் சாத்திவிட்டு முழம் போட உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். ஏரிப் பக்கம் போகவே இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க வசதியாக இருந்தது எனக்கு.

யார் கன்னம் தேய்ந்த பள்ளம் இது? யார் துப்பாக்கிமேல எங்கத்தா பேர அடிச்சு வச்சிருக்கேன்?

12 அக்டோபர்

சோறு தட்டிலேயே இருந்தது. ரோஷன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏன் என்று கேட்டிருக்கலாம்.

13 அக்டோபர்

தாளில் பழைய நெம்பரையே எழுதிவிட்டால் என்ன? 2417, 76. யார் வந்து அளக்கப் போகிறார்கள்? உண்மையை எழுதினால், இது என்னுடையது என்று சொல்ல ஒரு சீட்டும் இல்லை. பிடுங்கிக்கொள்வார்கள். அத்தாவின் துப்பாக்கியும் எங்கேயோ, இதுவும் போச்சு.

ரோஷனிடம் சொன்னேன். “எழுதுங்க. நாளன்னிக்கி நோன்பு தொடங்குது. பொய்ய வச்சிக்கினு பட்டினி கெடப்போம்” என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

17 அக்டோபர். புதுச்சேரி போய் வந்தேன்

உலகநாதன் கடையில் சைக்கிளும் துப்பாக்கியும் ஒரே ஆணியில் தொங்கும். என் பென்சில் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். சேந்த் எத்தியேனிலிருந்து வருகிற படம் போட்ட விலைப்பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு, துப்பாக்கியின் குதிரை எப்படி இருக்கும், பூட்டில் என்ன பூ வெட்டியிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“இது பதினாலாம் நெம்பர் மாதிரி. குட்டைக் குழல், ரெண்டு வாயும் நேரா இருக்கும். கரும்புல வர்ற பன்னிய கிட்டக்க அடிக்கறதுக்கு.”

அத்தாவின் சீட்டைக் காட்டினேன்.

“இது பதினேழு. நீளக் குழல், எடது வாய் ஒடுக்கம். தூரத்துல பறக்கறத அடிக்கன்னே செஞ்சது. பாக்கறதுக்கு ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.”

ஆக, தொழுகை தவறாதவன் நான், இருபது வருடமாகப் பன்றித் துப்பாக்கியால் பறவை சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கூடம் கோணல்தான் ரோஷன். நீயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும்போது உலகநாதன் கூப்பிட்டார். “பாய், உறுவையாத்துல ஒரு பழைய சொல்தா இருக்காரு. செபஸ்தியான்னு பேரு. சைகோன்ல பட்டாளத்துல இருந்தவரு. கிடங்குலேந்து வந்த துப்பாக்கி என்னுது இல்ல, என்னுது இல்லன்னு இருவது வருசமா சொல்லிக்கினு கெடக்கறாரு. வூட்ல புத்தி கலங்கிப்போச்சுன்னு வுட்டுட்டாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

22 அக்டோபர், ஞாயிறு. உறுவையாறு

நோன்போடு சைக்கிளில் போனேன். துப்பாக்கி இல்லாமல், தாள் மட்டும்.

வாசலில் அவர் மகன் பிலவேந்திரன். என் வயதுதான் இருக்கும். நான் பேச ஆரம்பித்ததுமே முகம் கடுத்துவிட்டது. “எங்கப்பாரு சொல்லிவுட்டாரா? ஊர் பூரா இதே பொலம்பல். நீங்க வேற ஏன் பாய் அவர கெளப்பறீங்க. போங்க.”

போயிருப்பேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “யார்றா அது? என் நெம்பர நான் சொல்றேன். அவராண்ட இருக்குதா, பாக்கச் சொல்லு.”

சொன்னார். பட்டாளத்தில் வரிசையில் நின்று சொல்வது போல, பிரெஞ்சில், ஒவ்வொன்றாக. த்ருவா. உய்த். சீஸ். தூ.

வியாபாரத்துக்கு வேண்டிய எண்கள் எனக்கும் தெரியும். மூன்று, எட்டு, ஆறு, இரண்டு.

பையிலிருந்து பென்சில் தாளை எடுத்துப் பிலவேந்திரனிடம் கொடுத்தேன். பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். தாளோடு உள்ளே போனான். “அப்பா” என்று மட்டும் கேட்டது.

செபஸ்தியான் ஐயாவுக்கு எண்பது இருக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றிய துப்பாக்கியை மகன் கையில் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு வந்தார். “சனிக்கெழமைக்கு சனிக்கெழமை எண்ணெ போட்டு வச்சிருக்கேன். ஒரு தபா கூட சுடல. இன்னொருத்தன் சாமான் இல்ல? தேடிக்கினு வருவான்னு இருந்தேன்.”

அடிமரத்தைக் கழற்றிப் பார்த்தோம். 2417.

தேடிக்கொண்டு நான் வரவில்லை ஐயா. சர்க்கார் தாள் வந்ததால் வந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

நோன்பு என்றதும் அவரும் காப்பி வேண்டாம் என்றுவிட்டார். வெயில் அடங்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பிலவேந்திரன் பெண்சாதி ஜெயசீலி நோன்பு திறக்கத் தண்ணீரும் வாழைப்பழமும் வைத்தாள். அதற்கப்புறம்தான் அவர் காப்பி குடித்தார்.

28 அக்டோபர்

மழை. துப்பாக்கியைக் கொண்டுபோக வழிச்சீட்டு கேட்டால் நாளைக்கு என்கிறார்கள். நேற்றும் நாளைக்குத்தான்.

5 நவம்பர், ஞாயிறு

சீட்டு கிடைத்தது. வண்டி கட்டிக்கொண்டு துப்பாக்கியோடு உறுவையாறு போனேன். அவர்கள் பூசை முடிந்து வந்திருந்தார்கள்.

ஐயா தன் துப்பாக்கியைத் தோளில் வைத்துத் தலையைச் சாய்த்தார். கன்னம் பள்ளத்தில் போய் அப்படியே உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பிலவேந்திரனும் வேறு பக்கம்தான் பார்த்தான்.

பிறகு தகட்டைத் தடவி, “இது யாரு பேரு?” என்றார்.

கழற்றத் திருப்புளி கொண்டுவந்திருந்தேன். கழற்றிக்கொண்டே சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அத்தா, காய்ச்சல், கடையில் நான் சொன்ன சொல், எல்லாம். பாதியில் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். நாற்பத்து மூன்று வயதில் அன்னியர் வீட்டில் அழுதேன். வெட்கமாக இல்லை.

ஐயா பிலவேந்திரனைக் காட்டினார். “நீ ஒரு தபாதான சொன்ன. இவன் இருவது வருசமா சொல்றான். சோறு போட்டுக்கினேதான் சொன்னான், அதையும் சொல்லணும்.”

பிலவேந்திரன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவர் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு என்னிடம், “தகடு இருக்கட்டும், கழட்டாத. இத்தினி வருசம் அவரு பேர்லதான இருந்துது” என்றார்.

“என்னை மன்னிச்சிடுங்கய்யா” என்றேன்.

“என்னாண்ட இன்னாத்துக்குக் கேக்கற?”

9 நவம்பர்

மாற்றி எடுத்து வந்த அத்தாவின் துப்பாக்கிக்குத் தாளைக் கொடுத்துவிட்டேன். சேந்த் எத்தியேன். பதினேழாம் மாதிரி. 2417. பதினாறு. எழுபத்தாறு. கச்சேரியில் உண்மையாகவே நாடா வைத்து அளந்தார்கள்.

பிலவேந்திரன் ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறான். வில்லியனூர்க் கச்சேரியில் தாளைக் கொடுக்கும்போது நெம்பரை அப்பாதான் சொன்னாராம். பிரெஞ்சில்.

அன்று கடையில் இருந்து சிரித்தவர்களில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். கூப்பிட்டு உட்கார வைத்து, அத்தா சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்றேன். ஒருவருக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. இன்னொருவர் ஒரு வேட்டி வாங்கிக்கொண்டு போனார்.

14 நவம்பர்

பெருநாள். உறுவையாற்றுக்கு ஒரு தூக்கு பிரியாணி போனது. காலித் தூக்கு வரவில்லை, கரும்பு வெல்லத்தோடு வந்தது.

12 ஜனவரி 1940, வெள்ளி

விடிந்ததும் ஏரிக்குப் போனேன், அத்தாவின் துப்பாக்கியோடு. முதல் இரண்டும் தப்பின. எனக்கு இது நீளம். அத்தா நல்ல உயரம், நான் அம்மாவைப் போல. மூன்றாவது, பிஸ்மில்லா சொல்லி இடது குழலை விட்டேன். அவ்வளவு தூரத்தில் ஒரு சிறவி மடங்கி விழுந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடி, உயிர் இருக்கும்போதே அறுத்துவிட்டேன்.

ரோஷன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கூடம் நேராயிடுச்சா?” என்றாள். சிரிப்பு முகமெல்லாம். இவள் சிரிக்க இன்னும் பத்து சுடலாம்.

ஜும்ஆவுக்குப் பிறகு கொஞ்சம் கடையைப் பார்த்துவிட்டு அத்தா கபுருக்குப் போனேன். ஃபாத்திஹா ஓதினேன். கடையிலிருந்து நேரே வந்ததால் மீட்டர் கோல் கையிலேயே இருந்தது.

“எழுபத்தாறு, அத்தா” என்றேன். “சுருங்கல.”