நியான் நதியின் புதுப்பாட்டுக்கு நான் போட்ட மார்க்

என் பிரியமுள்ள லூர்து அண்ணே,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதைக் கேள். நியான் நதி திரும்பி வந்துவிட்டது. பவானியும் கிருபாவும் சேர்ந்து ஒரு புதுப்பாட்டு போட்டிருக்கிறார்கள். நீ போய் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகா வரவேண்டும் என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. நியான் நதி என்பது மலாக்காக்காரர்கள் இரண்டு பேர். பவானி பாடுவார், கிருபா சிந்தசைசர் வாசிப்பார். தபலா கிடையாது, வயலின் கிடையாது, எல்லாச் சத்தமும் இரண்டு மெஷினிலிருந்து வரும். கேசட் போய் சிடி வந்த காலத்தில் இரண்டு ஆல்பம் போட்டார்கள். பிறகு ஏன் என்று யாருக்கும் சொல்லாமல் பிரிந்துவிட்டார்கள். ரேடியோவில் அதிகம் வந்ததில்லை. ஆனால் பிடித்தவர்களுக்கு அது சாதாரணப் பிடிப்பு இல்லை.

சிமெண்டு லோரி ஓட்டிய நாளெல்லாம் நீ அந்த இரண்டு ஆல்பத்தைத்தான் போட்டுக்கொண்டு ஓட்டினாய். கிட்னி கெட்டு, லோரியை விட்டு, புக்கிட் பெருவாங்கில் என் வீட்டுக்கு வந்தபோதும் துணிப்பையோடு அந்த சிடிகளைக் கொண்டுவந்தாய். வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்க வேண்டியிருந்தபோதுதான் வாட்ஸ்அப்பில் அந்தக் குழுவை ஆரம்பித்தாய். பத்தொன்பது பேர். வாரம் ஒரு பாட்டு. பத்துக்கு எத்தனை என்று மார்க் போடவேண்டும், கூடவே காரணமும் எழுதவேண்டும். "காரணம் சொல்லாம பத்து போட்டா அது மார்க் இல்ல, பூசை" என்று நீ யாருக்கோ குரலில் அனுப்பியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு அது பிடிக்கவில்லை. உனக்கும் தெரியும். ஒருநாள் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு நிற்கிறேன், நீ தட்டைப் பார்க்காமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாய். "அண்ணே, பழைய பாட்டுக்கு மார்க் போட்டு என்னா ஆகப் போவுது? மாத்திர போட்டியா இல்லையா, அதச் சொல்லு" என்றேன். நீ சிரித்தாய். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டாய். நீ பதிலுக்குத் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

நீ போன பிறகு உன் போனை நான் அணைக்கவில்லை. சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டே இருந்தேன். குழுவில் யாராவது எப்போதாவது எழுதுவார்கள், படிப்பேன், வைத்துவிடுவேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அது மேசையில் துடித்துக்கொண்டே இருந்தது. நூற்றுக்கும் மேல் செய்திகள், எல்லாம் புதுப்பாட்டைப் பற்றி.

தஞ்சோங் கிளிங் முருகையா அண்ணன் நாலு போட்டிருந்தார். கடற்கரை ஓட்டலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். "பழைய பாட்ட ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்துச் சூடு பண்ணுன மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தார். பேங்கில் வேலை பார்க்கும் திவ்யா, அந்தப் பிள்ளை இவர்கள் பிரிந்தபோது நடக்கப் பழகியிருப்பாளோ என்னவோ, ஒன்பது போட்டிருந்தாள். "அங்கிள், உங்களுக்குப் பாட்டு வேணுமா, உங்க பழைய வயசு வேணுமா?" என்று அவரைக் கேட்டிருந்தாள். ரெம்பியா ஊர் சுசீலா அக்கா ஆறு. செல்வம் அண்ணன் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து ஐந்தரை போட்டிருந்தார்.

சாயங்காலம் முருகையா அண்ணன் எல்லார் பெயரையும் வரிசையாகப் போட்டு எதிரே மார்க்கை எழுதினார். உன் பெயரும் இருந்தது. எதிரே ஒரு கோடு மட்டும். கீழே, "லூர்து இருந்தா என்னா போட்டிருப்பாரு?" என்று கேட்டிருந்தார்.

மறுநாள் சுசீலா அக்கா உன் நம்பருக்குத் தனியாக அனுப்பினார். "ரெஜினா, போன் உன்கிட்டதான் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். நீ படிக்கிறப்பல்லாம் நீலக் குறி விழுதும்மா. ஞாயித்துக்கிழம எல்லாரும் சந்திக்கிறோம். லூர்து மார்க்க நீ வந்து போடேன்."

ஒன்றரை வருஷமாக நான் ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன் அண்ணே. அவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

போகலாமா வேண்டாமா என்று பூசை முழுக்க யோசித்தேன். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்காதே. கடைசியில் காரைத் தஞ்சோங் கிளிங் பக்கம் திருப்பினேன். கடலோர ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை, உள்ளே இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு ஆறு பேர். முருகையா அண்ணன் வீட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தார். யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. பாலில்லாத தே ஓ வாங்கிக் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். பாட்டை மூன்று தடவை போட்டார்கள்.

"சொல்லுமா, லூர்து என்னா போட்டிருப்பாரு?" என்றார் முருகையா அண்ணன்.

"எனக்குத் தெரியாதுண்ணே. அவர்கிட்ட நான் ஒரு பாட்டப் பத்தியும் கேட்டதில்ல" என்றேன். "அவரு எடத்துல நான் எழுத மாட்டேன். வேணும்னா என் மார்க்கச் சொல்றேன்."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி, சொல்லு" என்றார் சுசீலா அக்கா.

"ஏழரை."

"அலாமாக், போயும் போயும் ஏழரையா?" என்று செல்வம் அண்ணன் தலையில் கை வைத்தார். "சனி பகவான கூட்டிட்டு வந்துட்டியேமா." மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். திவ்யா மட்டும் கறாராக, "காரணம் சொல்லுங்க அக்கா" என்றாள்.

கிளினிக் கவுண்டரில் பதினேழு வருஷம் உட்கார்ந்தவள் நான். வருகிறவர்கள் என்ன வியாதி என்று சொல்வதற்கு முன் ஒரு மூச்சு எடுப்பார்கள். அந்த மூச்சிலேயே பாதி தெரிந்துவிடும். அதைத்தான் சொன்னேன்.

"பழைய பாட்டுல பவானி மூச்சு வாங்குறதே கேக்காது. மெஷினு ஓட ஓட அவங்களும் பின்னாலயே ஓடுவாங்க. வீட்டுல அண்ணன் போட்டுப் போட்டு எனக்கும் மனப்பாடம். இதுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னால நல்லா மூச்சு வாங்குறாங்க. கிருபா அது வரைக்கும் வாசிக்காம நிக்கிறாரு. மெஷினு அவங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

முருகையா அண்ணன் அந்த இடத்தை மறுபடி போட்டார். கேட்டார். இன்னொரு தடவை போட்டார்.

"மூச்சு வாங்குறதுக்கெல்லாம் மார்க்காமா? அது வயசு லா" என்றார். "ஏழர ரொம்ப அதிகம்."

"வயசானா என்னாண்ணே? அத மறைக்காம வச்சிருக்காங்கல்ல?"

"அப்போ ரெண்டர ஏன் கொறச்ச?"

"முடிக்கத் தெரியல. கடைசியில சும்மா இழுத்துக்கிட்டே போவுது."

அரை மணி நேரம் விடவில்லை அண்ணே. இறந்தவரின் தங்கச்சி என்று எனக்கு ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்துப் பார்த்து, ஒத்துக்கொள்ளாமல், திருப்பிக் கேட்டார்கள். நான் பேசியதை இத்தனை கவனமாக யார் கடைசியாகக் கேட்டார்கள் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

அப்போதுதான் சுசீலா அக்கா சொன்னார். "காருக்குள்ளயும் இப்படித்தான். உங்க அண்ணனும் இந்த முருகையா அண்ணனும் டயாலிசிஸ் சென்டர் போய்ச் சேர்ற வரைக்கும் சண்ட."

"எந்தக் காரு?" என்றேன்.

முருகையா அண்ணன் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சென்டர்ல வேன் வரும்னு அண்ணன் சொன்னாரே."

"வேனு எங்கமா வந்துச்சு" என்றார் அவர் மெதுவாக. "செவ்வாக்கெழம நானு. வியாழன் செல்வம். சனிக்கெழம சுசீலா, ரெம்பியாவுல இருந்து வந்துரும். ரெண்டு வருசம். நாங்க ஒன்கிட்ட சொல்லலாம்னுதான் சொன்னோம். தெரிஞ்சா அவ வேலைய விட்டுருவான்னு வேணாம்ட்டாரு."

நான் வேலையை விடுகிறேன் என்று சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? உன்னை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் என் விடுமுறை எல்லாம் தீர்ந்துபோன மாதம். அடுத்த வாரமே வேன் ஏற்பாடாகிவிட்டது என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். நானும் நம்பினேன். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பிப் போகிறவளுக்கு, வாசலில் வந்து நின்றது வேனா காரா என்று எப்படித் தெரியும்? எத்தனை நாள் முருகையா அண்ணன் உன்னைக் கைத்தாங்கலாகப் படியேற்றி வீட்டில் விட்டிருப்பார்? சனிக்கிழமை எனக்குப் பாதி நாள் வேலைதான், ஒரு தடவைகூட நாங்கள் நேருக்கு நேர் வரவில்லையே, அதை எப்படிச் சமாளித்தீர்கள்?

"போறப்ப நல்லாப் பேசுவாரு" என்றார் சுசீலா அக்கா. "திரும்பி வரப்ப முடியாது. பாட்டு முடிஞ்சதும் கண்ண மூடிக்கிட்டே வெரல மட்டும் காட்டுவாரு. நாலு வெரல், ஆறு வெரல். காரணம் மறுநாள் எழுதுவாரு."

அழுதேன். இப்போது ஒத்துக்கொள்கிறேன். திவ்யா டிஷ்யூவை நகர்த்தி வைத்துவிட்டு, பாட்டைப் பற்றி மற்றவர்களிடம் பேசத் தொடங்கிவிட்டாள். நல்ல பிள்ளை.

உன்மேல் கோபப்படலாம் என்று இரண்டு நாள் முயற்சி செய்தேன். முடியவில்லை. எனக்கு மாதா மாதம் சம்பளம் தரும் இந்த வேலை நீ சொன்ன பொய்யில் தப்பித்தது. நீ தனியாக வேனில் உட்கார்ந்து போனதாக நினைத்து நான் மனதுக்குள் வருந்திய நாளெல்லாம், நீ யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறாய். இதைவிட நல்ல செய்தி எனக்கு யார் சொல்லியிருக்க முடியும்? நன்றி அண்ணே. சாப்பாட்டு மேசையில் அப்படிக் கேட்டதற்கு மன்னித்துக்கொள்.

குழுவில் இப்போது என் பெயர் இருபதாவது. உன் பெயருக்கு எதிரே அந்தக் கோடு அப்படியே இருக்கட்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். புதுப்பாட்டின் சராசரி ஆறுக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது.

சுசீலா அக்காவுக்கு வலது கண்ணில் கோளாறு. மாதம் ஒரு ஊசி போடவேண்டும், போட்ட அன்று கார் ஓட்டக்கூடாது. பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னார். நான் விடவில்லை. வருகிற சனிக்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். காலையில் ரெம்பியாவுக்குப் போய் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டாக்டர் போதும் என்று சொல்லும்வரை ஒவ்வொரு மாதமும் போவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

வழியில் கேட்க முதல் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டை எடுத்து வைத்திருக்கிறேன். அக்கா அதற்கு ஐந்துக்கு மேல் தரமாட்டாராம். பார்க்கலாம்.

காரணத்தோடு காத்திருக்கும்
உன் தங்கச்சி,
ரெஜினா
புக்கிட் பெருவாங்